வார்டுக்குள் நீச்சல் குளம்

“அப்பா, அந்தப் படம் வீடு மாறிப் போயிட்டா, இந்தப் படம் யாரை எட்டிப் பாக்கும்?”

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில் அப்பாவின் அலுவலகத்துக்கு வந்திருந்த மகள் கேட்ட கேள்வி இது. அவளுடைய அப்பா கட்டட வரைபடம் வரைகிறவர். அலுவலகத்தில் அவருக்குக் ‘கோடு’ என்று பெயர். எதையும் வளைத்துப் பேசத் தெரியாது என்பதால் யாரோ விளையாட்டாக வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

திரையில் அன்று ஓர் ஆஸ்பத்திரியின் கட்டில்கள் வரிசையாக நின்றிருந்தன. அவர் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தப் படத்துல வெறும் கட்டில்தாம்மா இருக்கு. சுவரு, தூணு, கதவு எல்லாம் வேற ஒரு படத்துல. அது எங்க இருக்குன்னு விலாசத்த மட்டும் இது வச்சுக்கிட்டு, எட்டிப் பாத்து நமக்குக் காட்டுது. அங்க ஒரு சுவரைத் தள்ளி வச்சா, எல்லாப் படத்துலயும் தானா தள்ளிப் போயிடும்.”

அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, “அதெல்லாம் எங்கயும் போகாது” என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார். பிள்ளைகளின் வாய் வழியாகக் கடவுள் சில சமயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நாம்தான் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சில மாதங்களில் புதிய மேலாளர் வந்தார். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் “பிரமாதம்” என்பார். வந்த வாரமே சர்வரில் இருந்த ஃபோல்டர்களின் பெயர்கள் அவர் கண்ணை உறுத்தின. ஆஸ்பத்திரி வேலைக்கு ‘ஆஸ்பத்திரி’ என்றும், ஓட்டல் வேலைக்கு ‘ஓட்டல்’ என்றும், பள்ளிக்கூடத்துக்குப் ‘பள்ளிக்கூடம்’ என்றும் இருந்தது.

“இதென்னய்யா, சமையக்கட்டு டப்பாவுல ஒட்டின மாதிரி? பேருன்னா கேக்கறவன் நிமிந்து உக்கார வேண்டாமா?”

ஆகவே ஓட்டல் ‘உன்னதம்’ ஆயிற்று. பள்ளிக்கூடம் ‘எழுச்சி’ ஆயிற்று. ஆஸ்பத்திரி ‘நம்பிக்கை’ ஆயிற்று. பெயர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றியவன் கோட்டின் மச்சினன். அவருடைய மனைவியின் தம்பி. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் கோடுதான்.

திங்கட்கிழமை காலை அவர் ஒரு படத்தைத் திறந்தார். கட்டில்கள் அந்தரத்தில் மிதந்தன. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய விலாசம் மட்டும் ஒற்றை வரியாகக் கிடந்தது.

“மாப்ள, சுவரைக் காணோம்.”

“எந்தச் சுவரு மாமா?”

“எல்லாச் சுவரும்.”

மச்சினன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பும் காணாமல் போயிற்று.

“பேரை மாத்தறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?”

“யாருகிட்டயும் மூச்சு விடாத, திங்கக்கிழமை வந்து பாத்து எல்லாரும் அசந்து போகட்டும்னாரு மாமா.”

“அசந்துட்டோம்.”

கூட்டம் கூடியது. மேலாளர் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். தவறு ஃபோல்டரின் மேல் இல்லை, பழைய பெயரையே பிடித்துக்கொண்டு தொங்கும் படங்களின் மேல்தான் என்று அவருக்குப் பட்டது.

“இது மனப்பான்மைப் பிரச்சினை. சரி, எல்லாப் படத்துலயும் புது விலாசத்தை ஒரே பட்டன்ல மாத்த முடியுமா, முடியாதா?”

“முடியும் சார்,” என்றார் கோடு. “ஆனா ஒவ்வொரு வேலையாத் தனித்தனியா மாத்தி, திறந்து பாத்து…”

“இந்த ‘ஆனா’தான் நாட்டைக் கெடுக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க கூட்டம். அதுக்குள்ள முடிங்க. நல்லபடியா முடிஞ்சா அது கூட்டு முயற்சி. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, அது உங்க நாற்காலி. உங்க மச்சினன் நாற்காலியும் கூட.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மச்சினன் ஒரு நிரலை ஓடவிட்டான். காணாமல் போன படத்தின் பெயரை எல்லா ஃபோல்டர்களிலும் தேடி, கிடைத்த இடத்தின் விலாசத்தை எழுதிவிட்டு, அது அடுத்ததற்குப் போகும். கெட்டிக்கார நிரல்தான். இதற்கு முன்பிருந்த தர மேம்பாட்டுக் குழு மட்டும் ஒரு சுற்றறிக்கை விட்டிராமல் இருந்தால் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. ஒழுங்கு வேண்டும் என்பதற்காக, எந்தக் கட்டடமானாலும் அதன் அடிப்படைப் படத்துக்குத் ‘தரைத்தளம்’ என்றே பெயரிட வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. ஆக, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ‘தரைத்தளம்’ இருந்தது. நிரல் அகர வரிசையில் தேடியது. முதலில் ‘உன்னதம்’, அதாவது அந்த நட்சத்திர ஓட்டல், வந்தது. அங்கே ஒரு ‘தரைத்தளம்’ கிடைத்தது. அதற்கு அது போதும்.

வேலை முடிந்ததும் திரையில், ‘பிழைகள்: பூஜ்யம்’ என்று வந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சுவர் கிடைத்துவிட்டது. யாருடைய சுவர் என்று அதை யாரும் கேட்கவில்லை.

கோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தார். மேலாளர் தோளில் தட்டினார். “பூஜ்யம்னு அதுவே சொல்லிடுச்சே, அப்புறம் என்ன பூதக்கண்ணாடி? பிரிண்டுக்கு அனுப்பியாச்சு. காலையில நீங்களும் வாங்க, சுருளைத் தூக்க ஆள் வேணும்.”

ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் குழந்தை வைத்தியம் பார்ப்பவர். நரைத்த தலை, மெல்லிய குரல், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. தாதிகள் முதல் வாசல் காவலர் வரை அவரைப் பெரியம்மா என்றே அழைத்தார்கள். மேலாளர் சுவருக்கு முன்னால் நின்று ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். பெரியம்மா மேசையில் சுருளைப் பிரித்தார்.

எதிரே நின்ற கோட்டுக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாகவே போதும். நோயாளிக் குழந்தைகளின் கட்டில்கள் நீச்சல் குளத்துக்குள் வரிசையாக நின்றன. ஆக்சிஜன் குழாய்கள் மதுக்கூடத்துக்குள் நுழைந்து, பாட்டில் அடுக்கும் அலமாரியில் போய் முடிந்தன. தாதியர் உட்காரும் மேசை நடன மேடையின் நடுவில் இருந்தது.

வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம், மச்சினனுக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண், எல்லாம் அந்தக் குளத்தில் மூழ்குவதுபோல் அவருக்குத் தெரிந்தது.

பெரியம்மா அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார். பிறகு நிமிர்ந்து கோட்டின் முகத்தைப் பார்த்தார். அப்படியே சுருளைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

“இன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்,” என்றார், கழுத்தில் கண்ணாடி ஊசலாட. “எழுத்தே தெரியல. இதை எடுத்துட்டுப் போயிட்டு, நாளை மறுநாள் இவரை மட்டும் அனுப்புங்க. நீங்க எதுக்கு அலையணும்?”

மேலாளர் அந்தக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவர் தம்முடைய அடுத்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சுருளைக் கையில் கொடுக்கும்போது பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். “வார்டுக்குள்ள நீச்சல் குளம் வேண்டாம்ப்பா. எங்க பிள்ளைங்களுக்கு ஏற்கெனவே சளி.”

கோடு நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். செய்த உதவிக்கு நன்றி கேட்கவும் நிற்காத மனிதர்களை ஆண்டவன் அங்கங்கே தூவி வைத்திருக்கிறான். அதனால்தான் இத்தனை மேலாளர்களையும் உலகம் தாங்குகிறது.

அன்று மாலை வீட்டில் மாமனும் மச்சினனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

“என் தம்பி ஏதாச்சும் பண்ணிட்டானா? சொல்லுங்க, காதைத் திருகறேன்,” என்றாள் மனைவி.

“திருகறதுன்னா ரெண்டு பேரு காதையும் திருகணும்.”

“எனக்குக் கை வலிக்கும். நீங்க ரெண்டு பேருமே ஒருத்தர் காதை ஒருத்தர் திருகிக்குங்க.”

மச்சினன் முதலில் சிரித்தான். பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் நிரலை மாற்றி எழுதினார்கள். இந்த முறை ஒவ்வொரு வேலையாக, அதனதன் ஃபோல்டருக்குள் மட்டும் தேடுமாறு ஓடவிட்டார்கள். முடிந்ததும் திரையில் மறுபடி ‘பூஜ்யம்’ வந்தது.

“மாமா, பூஜ்யம்!”

“போன தடவையும் இதையேதான் சொல்லுச்சு. திறடா ஒவ்வொண்ணா.”

திறந்தார்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா, குழாய் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா என்று படம் படமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தின் கரும்பலகை மதுக்கூடத்திலிருந்து வகுப்பறைக்குத் திரும்பியது.

இரண்டாம் நாள் பகலில் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். ஒரு படம் விடாமல் ஒரே பட்டனில், பிழையே இல்லாமல் மாற்றிக் காட்டியதற்காகத் தலைமை அலுவலகம் மேலாளருக்கு ஒரு கேடயம் அனுப்பியிருந்தது. கூடவே கேக்கும் இருந்தது.

“வாங்க மாமா, கேக்கு.”

“நீ போ மாப்ள. இந்த ஒரு படத்த முடிச்சுட்டு வரேன்.”

தளம் காலியானது. மிச்சமிருந்தது தொற்று நோய்க் குழந்தைகளுக்கான தனி அறை. கோடு அதைத் திறந்தார். சுவர் சரியாக இருந்தது, கட்டில் சரியாக இருந்தது. ஆனாலும் அவர் கை நின்றது. ஆக்சிஜன் குழாயின் முனை கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் பலகை வந்து அதை மூடும். கட்டிலின் தலைமாட்டிலும் இடிக்கும். மூச்சு முட்டும் குழந்தையிடம் ஓடி வருகிறவர்கள் கதவைத் திறந்த நேரத்தில்தான் அந்த முனைக்குக் கை எட்டாது.

இது நிரல் செய்த தவறு அல்ல. பழைய அச்சுத்தாளை எடுத்துப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த கட்டிலையும் குழாயையும் சிவப்புப் பென்சிலால் கதவுப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தது பெரியம்மாதான். ‘குளிர் காற்று அடிக்கும்’ என்று ஓரத்தில் காரணமும் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். குழந்தைக்குக் குளிரக்கூடாது என்று நினைத்தவர் கதவை நினைக்கவில்லை.

திருத்துவது சின்ன வேலை. கதவின் கீலை மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தத் திருத்தத்துக்கும் படத்தின் மூலையில் காரணம் எழுத வேண்டும். புதிய மேலாளர் அதற்கு இரண்டே காரணங்களை அனுமதித்திருந்தார். ஒன்று, ‘வாடிக்கையாளர் பிழை’. அப்படி எழுதினால் யார், எங்கே தவறினார் என்ற விவரத்தோடு ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் தானாகவே போய்விடும். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று அந்தக் குழுவில் முணுமுணுக்கிறவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். மற்றது, ‘வரைந்தவர் பிழை’. அப்படி எழுதினால் எழுதியவருக்கு அந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை.

கூட்ட அறையிலிருந்து கைதட்டல் கேட்டது. மேலாளர் பூஜ்யத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கோடு அடிப்படைப் படத்தைத் திறந்து கதவின் கீலை மாற்றினார். அந்த ஒரு கதவு ஆஸ்பத்திரியின் எல்லாப் படங்களிலும் தானாகத் திரும்பிக்கொண்டது. மூலைக் கட்டத்தில், ‘வரைந்தவர் பிழை’ என்று எழுதி, பக்கத்தில் தம் சுருக்கொப்பத்தைப் போட்டார். வளைத்துப் பேசத் தெரியாத மனிதர் வாழ்க்கையில் வளைத்து எழுதிய ஒரே வரி அது. ஆண்டவன் அதைப் பொய் என்று வைத்தானோ, வேறு எப்படி வைத்தானோ, நமக்குத் தெரியாது.

சிவப்புப் பென்சில் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கோப்பைச் சேமித்து மூடினார். அவர் கூட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கேக் தீர்ந்துவிட்டிருந்தது.