ஏற்றத்தில் எரிந்த பிரேக் விளக்கு

ராதோயேவின் வண்டி டீசலைக் குடித்தது. முன்பெல்லாம் நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் போதும். இந்தக் குளிர்காலத்திலிருந்து பதின்மூன்று. குடும்பத்துக்கென்று வாங்கிய ஏழு பேர் உட்காரும் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்.

ராதோயேவின் மனைவிக்குத் தம்பி வுகோட்டா. மெக்கானிக். வண்டி மூன்றாம் முறையாக அவன் பட்டறைக்கு வந்திருந்தது.

"குடிகாரன் வந்துட்டானா அத்தான்?"

"டாக்டர் சொன்னாருன்னு நான் குடிய விட்டேன். என் பங்கையும் சேத்து இது குடிக்குது. சீக்கிரம் பாருடா. ரெண்டு மணிக்குப் பசங்கள ஏத்தணும்."

ராதோயே பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையில் மலைக் கிராமங்களின் பிள்ளைகளை மோராச்சா பள்ளத்தாக்கு வழியாக டவுனுக்குக் கொண்டுவருவார். மதியம் திரும்ப ஏற்றிப் போவார். வுகோட்டாவின் மகள் இஸ்க்ரா பேருந்தில் மாமாவுக்குப் பக்கத்தில், முன் சீட்டில்தான் உட்காருவாள்.

முதல் முறை வுகோட்டா தெர்மோஸ்டாட்டை மாற்றி இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தான். பயனில்லை. இரண்டாம் முறை சக்கரத்தைக் கழற்றினான். முன் பிரேக் பேடுகள் தேய்ந்து இரும்பு தெரிந்தது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, கண்டுபிடித்துவிட்டோம் என்று முன்பக்கப் பிரேக் முழுவதையும் புதிதாக மாட்டி அனுப்பினான்.

இப்போது அந்தப் புதிய பேடுகளும் தீர்ந்திருந்தன.

"இதுக்கு வாய்ப்பே இல்ல," என்றான். வேறு பேடு மாட்டி, தானே ஒரு சுற்று ஓட்டிவந்தான். எட்டு லிட்டர்.

"என்கிட்ட சாதுவா ஓடுது. உங்ககிட்ட மட்டும் ஏன் முரண்டு பண்ணுது?"

"உன் அக்கா பாத்து எடுத்த வண்டி. அவ குணம்தான இருக்கும்?"

"இத அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லு. அப்புறம் நான் உன் வீட்லதான் வந்து படுப்பேன்."

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி வர்றேன்."

வுகோட்டா தன் பழைய காரில் தொடர்ந்தான். டவுன் முடிந்ததும் பாதை பள்ளத்தாக்கின் ஓரமாக ஏறியது. முன்னால் போன வண்டியின் பிரேக் விளக்குகள் எரிந்தன. சுரங்கப்பாதை தாண்டியும் எரிந்தன. ஏற்றம் செங்குத்தானது. இன்ஜின் முக்கியது. விளக்குகள் அணையவே இல்லை.

ஏற்றத்தில் யாராவது பிரேக் பிடிப்பார்களா?

ஹெட்லைட்டைச் சிமிட்டி நிறுத்தச் சொன்னான். பிரேக் பெடலுக்கு மேலிருந்து விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் பழுதாக இருக்கும் என்று நினைத்தான். காலை எடுக்கச் சொன்னான், விளக்கு அணைந்தது. மிதிக்கச் சொன்னான், எரிந்தது. சுவிட்சில் பழுதில்லை.

பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். "போங்க."

வண்டி நகர்ந்தது. குனிந்து பார்த்தான். ராதோயேவின் வலது கால் ஆக்சிலேட்டரில். இடது கால் பிரேக்கில். இரண்டும் அழுத்திக்கொண்டிருந்தன.

"ரெண்டு காலுமா? என்ன அத்தான், கல்யாணத்துல ஆடுறீங்களா?"

ராதோயே சிரிக்கவில்லை. ஓரமாக நிறுத்தினார்.

"சும்மா மேல வெச்சிருக்கேன்னுதான் நெனச்சேன். அமுக்குறனா?"

"ஏன் வெக்கிறீங்க?"

"வலது காலு எதுல இருக்குன்னு தெரியல. இடதைப் பிரேக்ல வெச்சுக்கிட்டா, பிரேக் எங்கன்னாவது தெரியும்."

வுகோட்டாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் வலது ஷூவைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கட்டைவிரலில் வைத்தான்.

"தொட்டதும் சொல்லுங்க."

அழுத்தினான். இன்னும் அழுத்தினான். காலுறை குழிந்தது.

"சரி, தொடு," என்றார் ராதோயே.

ஸ்க்ரூடிரைவர் அவன் கையிலிருந்து விழுந்தது.

"எப்பலேந்து?"

"பனி விழுந்தப்போ. மொதல்ல விரல்தான். குளிருன்னு நெனச்சேன்."

"அப்போ பஸ்ஸுல?"

"அதுல இடது காலு கிளட்ச்சுக்கு வேணும்."

"பஸ்ஸுல என்ன பண்றீங்க அத்தான்?"

"குனிஞ்சு பாப்பேன்."

பாதையோரத் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஆறு வெகு கீழே.

"வளைவுல?"

ராதோயே கழற்றிய ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இன்று காலையும் வுகோட்டா மகளை அந்தப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கையசைத்திருந்தான். நேற்றும்.

"டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ புடுங்கிருவாங்க," என்றார் ராதோயே. "நீ வண்டியில ஏதாவது கண்டுபிடிச்சிருவேன்னு இருந்தேன்டா. வண்டிதான் கெட்டுப்போச்சுன்னு."

வுகோட்டா கை நீட்டிச் சாவியை உருவினான். போனை எடுத்துப் பள்ளியை அழைத்தான்.

"இன்னைக்கு ஒரு நாள்," என்றார் ராதோயே. "மெதுவா போறேன். நாளைக்குச் சொல்லிக்கலாம். கேளுடா."

பள்ளியில் ஒரு பெண் எடுத்தாள். பேருந்து வராது என்றான். பழுதா என்று அவள் கேட்டாள்.

வுகோட்டா அத்தானைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பழுதுன்னு சொல்லு, என்று.

"பஸ் நல்லாத்தான் இருக்கு. ராதோயேவுக்குக் காலு மரத்துப்போச்சு. அவரால ஓட்ட முடியாது. இனிமே முடியாது. எல்லா வீட்டுக்கும் போன் பண்ணிருங்க, வந்து கூட்டிப்போகட்டும். என் பொண்ணுக்கு நான் வர்றேன்."

போனைச் சட்டைப்பையில் வைத்தான்.

"பேரச் சொல்லிட்டியே," என்றார் ராதோயே.

"ஆமா அத்தான்."

"உன் அக்காகிட்ட?"

"நீங்க சொல்லுங்க. நான் கூட வர்றேன்."

ராதோயே கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் வந்தார், ஒரு கை பானட்டின் மேல். வலது காலை வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் குனிந்து பார்த்து வைத்தார். வுகோட்டா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று முறை இந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்திருக்கிறான். இந்த நடையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தான். அத்தான் பக்கத்தில் ஏறியதும் சாவியை நுழைத்தான். தன் பழைய காரை ஓரத்திலேயே விட்டுவிட்டு, பள்ளி இருக்கும் டவுன் பக்கம் வண்டியைத் திருப்பினான்.