ஃபுஜி மலைக்கு விடியவைத்தவர்

"நாளைக்கு ஃபுஜி மலைக்கு விடியுது எண்டால், அது என்ர கையாலதான்," என்று இராசலிங்கம் அறிவித்தபோது, அகதிகள் விடுதிச் சமையலறையில் அடுப்பிலிருந்த பருப்பே ஒரு கணம் கொதிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தது.

"உமக்கு முட்டை பொரிக்கவே ஏலாது," என்றார் அறைத்தோழர் அந்தோனிப்பிள்ளை. "ஜப்பான்காரனுக்கு விடியவைக்கப்போறீராம்."

விஷயம் இதுதான். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தேவாலயத்து நிலவறையில் ஃபிராவ் கெஸ்லர் என்ற அம்மா, பழைய ஜப்பானிய இயற்கைக் காட்சிப் படங்களை மரப்பலகையில் செதுக்கி, அசலைப் போலவே கையால் அச்சிட்டு வந்தார். நிறத்துக்கு ஒரு பலகை. எண்பத்தாறாம் ஆண்டு மாரியில் பனியில் வழுக்கி, அவருடைய வலக்கை முறிந்துபோனது. அப்போது செய்துகொண்டிருந்த ஃபுஜிப் படத்தில் மலை அச்சாகியிருந்தது, கடலும் அச்சாகியிருந்தது. விடியல் சிவப்பு மட்டும் பாக்கி. சொன்னபடி சனிக்கிழமை படம் நூலகச் சுவரில் ஏறாவிட்டால், தேவாலயத்தார் நிலவறையைப் பறித்துக் கார்னிவல் சங்கத்துக்குச் சாமான் அறையாகக் கொடுத்துவிடுவார்கள். வேலை செய்ய அனுமதியில்லாமல் அசூல் என்ற அகதித் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருந்த இராசலிங்கம், பொழுதைப் போக்க அங்கே பலகை கழுவப் போனவர். அந்த இடமும் போனால், கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பதுதான் மிச்சம்.

வெள்ளி காலை, புளுகைக் கையும்களவுமாகப் பிடிக்கவென்றே அந்தோனிப்பிள்ளையும் கூடப் போனார். மலையும் கடலும் பதிந்த தாள்கள் மூன்றுதான் இருந்தன.

இராசலிங்கம் பலகையில் சிவப்பைத் தடவி, மேலே போகப்போக மங்கும்படி ஈரத்தூரிகையால் இழுத்து, தாளைக் கவிழ்த்தார்.

"பாரன்," என்றார் ஃபிராவ் கெஸ்லர்.

இராசலிங்கம் பார்த்தார்.

"பாரன், பாரன்."

குனிந்து பார்த்தார். மூக்கு தாளில் முட்டியது.

"மனுசி இவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது," என்றார் அந்தோனிப்பிள்ளை. "சொன்ன மாதிரிப் பாருமன்."

இருவரும் பார்க்கப் பார்க்கச் சாயம் காய்ந்தது. அம்மா தலையிலடித்துக்கொண்டு, யாரையும் தொடவிடாத தன் இழுப்பறையிலிருந்து மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டு ஒன்றை இடக்கையால் எடுத்து நீட்டினார். தாளின் முதுகைத் தேய்க்கும் அந்தத் தட்டுக்கு ஜப்பானிய மொழியில் பெயரே 'பாரன்' தானாம்.

இரண்டாம் தாளில் அழுத்தம் கூடிப்போய், மலைக்கு மூக்கால் ரத்தம் வடிந்தது.

"விடும் காணும். வாரும் போவம்."

"போறதெண்டால் நீர் போம். நான் விடியவச்சிட்டுத்தான் வருவன்."

கடைசித் தாளை ஈரத்துணிக்குள் பத்திரப்படுத்திவிட்டு, பழைய பத்திரிகைகளில் தேய்த்துப் பழகினார். தேய்த்த தேய்ப்பில் ஊரில் மீன் சுற்றக் காகிதமில்லாமல் கடைக்காரர்கள் கடையைப் பூட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. மணிக்கட்டால் அல்ல, தோளால் அழுத்தவேண்டும் என்பது பின்னேரம்தான் பிடிபட்டது.

பிறகு கடைசித் தாளைக் கவிழ்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தை உயர்த்தினார். மலையடியில் செம்மை பிறந்து, மேலே போய் வெறும் வெளிச்சமாகக் கரைந்திருந்தது. ஃபிராவ் கெஸ்லர் அதை அசலுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "யா," என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை படம் சுவரில் ஏறியது, நிலவறையும் தப்பியது. அன்றே விடுதியில் இராசலிங்கம் கதையை அவிழ்த்துவிட்டார். வெளிச்சம் தாங்காமல் அந்த அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டாராம். கடலில் வள்ளக்காரர்கள் எழும்பிக் கொட்டாவி விட்டார்களாம். சமையலறை முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவர் கறியைத் துழாவிக்கொண்டே சொன்னார்: "கண்ணாடி புளுகு. கொட்டாவியும் புளுகு. ஆனா விடிஞ்சது. நான் பக்கத்திலதான் நிண்டனான்."