சட்டியில் வந்த சாட்சி

நான் பொய் சொல்வதில்லை. கிள்ளான் பாதையில் பதினெட்டு வருஷம் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். பொய் சொல்ல நேரம் கிடைத்ததில்லை.

முப்பத்துநாலாம் வருஷம் எனக்குக் கல்யாணம். பெண் என் தாய்மாமன் மகள், நல்லம்மாள். சுமத்ராவில், டெலிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். ஏழு நாள் லீவில் கப்பலேறிப் போனேன். தோட்டத்துப் பண்டாரம் ஓமம் வளர்க்க, தாலி கட்டினேன். அவளுக்குத் தோட்டத்தில் இன்னும் ஒரு மாத ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் நான் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். மாதம் முடிந்ததும் அவள் புறப்பட்டு வந்தாள்.

வந்தவளைத் துறைமுகத்தில் இறங்க விடவில்லை. டச்சுக்காரன் ஆளும் மண்ணில் பிறந்ததால், இங்கிலீஷ்காரன் ஆளும் இந்த மண்ணில் அவள் அந்நியப் பிரஜையாம். புதுச் சட்டமாம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கம்பி வேலிக்கு அப்பால் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கூட நாற்பது பேர் இருப்பார்கள். வேலிக்கு இப்பால் மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்ல, ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சபாபதி.

“கல்யாணம் ஆனதுக்குக் கடுதாசி எங்கய்யா?” என்றார் சபாபதி.

“மாலை போட்டாங்க. கடுதாசி யாரும் போடலீங்களே.”

சபாபதி நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தினார். “தம்புசாமி, வழி இருக்குலா. ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்ல ஆள் எடுக்குறாங்க. கூலின்னு எழுதினா இப்பவே இறங்கலாம்.”

வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. “நான் பால் வெட்ட வரல. குடும்பம் நடத்த வந்திருக்கேன்.”

“சரிம்மா, துரை வீட்டு ஆயான்னு எழுதிக்கலாம்.”

“துரை பிள்ளைய நான் தாலாட்டினா, என் பிள்ளைய துரைசாணி வந்து தாலாட்டுவாங்களா? கேட்டுச் சொல்லுங்க.”

சபாபதி அதைத் துரையிடம் கேட்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார். “உங்களுக்குக் கல்யாணமே ஆகலேன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பதிவு ஆபீசில புதுசா கட்டி வச்சிடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

எனக்கு இது பிடித்திருந்தது. மறைப்பானேன், பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன்.

“என்னங்க,” என்றாள் நல்லம்மாள். “கல்யாணமே ஆகலேன்னா, எங்க தோட்டத்துல எட்டுப் பந்தி சாப்பிட்டது யாரு கருமாதிக்கு?”

நான் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

“கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டு அந்தப் புதுப் பொண்டாட்டியோட நல்லா இருங்க. நான் பழைய பொண்டாட்டி, கப்பல்ல போறேன்.”

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். “என் பொண்டாட்டியாத்தான் இறங்குவா. வேற எதாவும் இறங்க மாட்டா. துரைகிட்ட சொல்லுங்க.”

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: கல்யாணத்தைப் பார்த்த சாட்சி இந்த நாட்டில் யாராவது உண்டா?

“அக்கினி சாட்சியாத்தான் கட்டினேன்,” என்றேன்.

நெருப்புதான் சாட்சி என்று சபாபதி பிசகில்லாமல் எடுத்துச் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “அப்படியானால் கூட்டிக்கொண்டு வா. வியாழன் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் திரும்புகிறது. அதற்குள் உன் சாட்சி வந்தால் இவள் இறங்கலாம்.”

வியாழனன்று ரப்பர் ஏற்றிய கூட்ஸ் வண்டியோடு பதினொன்றரைக்குத் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். எஞ்சின் டிரைவர் வேலாயுதம் அண்ணன். இரும்புச் சட்டியை எடுத்து, எஞ்சின் அடுப்பைத் திறந்து, பத்து ஆராங் ஊர்ச் சுரங்கத்துக் கரி கனகனவென்று எரிவதில் நாலு கரண்டி அள்ளினேன்.

“எங்கடா நெருப்பத் தூக்கிட்டுப் போறே?”

“சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க அண்ணே.”

“சீக்கிரம் அனுப்பச் சொல்லு. வண்டி எடுக்கணும்.” அவர் எதற்கும் அசராத மனிதர்.

சட்டியைத் துரையின் மேசையில் வைத்தேன். மேசை உடனே புகைந்தது. காகிதங்களை அள்ளிக்கொண்டு துரை எழுந்தார். இது எஞ்சின் நெருப்பு, கல்யாணத்து நெருப்பு அல்ல என்றார்.

“ஓமத்து நெருப்புலதான் ஒரு சுருட்டுப் பத்த வச்சேன்,” என்றேன். “பண்டாரம்கூடத் திட்டினாரு. அது முடியறதுக்குள்ள அதுல அடுத்தது. அதுல அடுத்தது. டெலித் தோட்டத்துச் சுருட்டு, மாமனார் சீதனமா ஒரு பெட்டி குடுத்திருந்தாரு. கப்பல் முழுக்க அணைய விடல. முப்பத்தேழாவது சுருட்ட பிரிக்பீல்ட்ஸ் ஷெட்டுல எஞ்சின் அடுப்புல போட்டேன்.”

சபாபதி அதைத் துரையிடம் எடுத்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ தூங்கவே இல்லையான்னு கேக்குறாரு.”

“கட்டின பொண்டாட்டிய மூணாம் நாளு விட்டுட்டு வர்றவனுக்குத் தூக்கம் ஏதுங்க?”

“ஒரு மாசத்துல எஞ்சினைக் கழுவ அடுப்ப அணைச்சிருப்பாங்களேங்கிறாரு.”

“அணைக்கறதுக்கு முன்ன நாலு கரண்டி அள்ளிப் பக்கத்து எஞ்சினுக்குப் போட்டுடுவேன். கழுவினதும் திருப்பி வாங்கிக்குவேன். இன்னைக்குக் கிள்ளான் பாதையில ஓடுற எஞ்சின் எல்லாம் எங்க கல்யாணத்துக்கு வந்ததுங்கதான்.”

இருந்தாலும் நெருப்பு பேசாதே என்றார் துரை.

நல்லம்மாள் பெட்டியிலிருந்து எழுந்து வேலியருகே வந்தாள். “எங்க பக்கம் நெருப்பு பேசாது. நெருப்பு மேல கைய வச்சு மனுசந்தான் பேசணும். அவரு கைய வச்சு, ‘இவ இவன் பொண்டாட்டி இல்ல’ன்னு சத்தியம் பண்ணட்டும். இந்த நிமிஷமே போயிடறேன்.”

அந்த நாற்பது பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன தடவை துரை சிரித்ததையும் சொன்னதையும் கேட்டவர்கள் அவர்கள். துரை கையை நீட்டினார். பாதி தூரம் வந்தது கை. விரல் முடி சுருண்டது. எடுத்துக்கொண்டார். கப்பல் ஊதியது. தண்டவாளத்திலிருந்து வேலாயுதம் அண்ணன் அதைவிடப் பெரிதாக ஊதினார். மேசையில் சட்டி அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

துரை முத்திரையை எடுத்துக் குத்தினார். சாட்சி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சபாபதி கேட்டதற்கு, சட்டியை முதலில் வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

அடுத்த கப்பலுக்கு மூன்று பேர் சட்டியோடு வந்து நின்றதாகவும், அன்றிலிருந்து அங்கே சாட்சி கேட்பதையே விட்டுவிட்டதாகவும் சபாபதி பின்னால் சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

நல்லம்மாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலிக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். எஞ்சினை நோக்கி நடக்கும்போது கேட்டாள்: “நெசமாவே சுருட்டு ஒண்ணுகூட அணையலியா?”

“அணைஞ்சிருந்தா? நீ கப்பல்ல போயிருப்பியா?”

“நானா?” என்றாள். “கப்பலத்தான் போகச் சொல்லியிருப்பேன்.”