மேலே வெள்ளை, அடியில் பச்சை

டெனிஸ்டன் கொண்டுவந்து நிறுத்திய ட்ரெயிலர் வெள்ளையாக இருந்தது. சும்மா வெள்ளை இல்லை, கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளையின் சட்டை மாதிரி வெள்ளை. அதுதான் அருள்நாயகத்துக்கு முதலில் இடித்தது. கனடாவில், ரெக்ஸ்டேலில், வண்டி திருத்தும் ஒரு யாட்டில் லொறிகளுக்குத் தளப்பலகை மாற்றி மாற்றியே முதுகு வளைந்த மனிசன் அவர். பழைய ட்ரெயிலர் என்றால் இரும்புக் கறலும் சேறும் அப்பிக்கொண்டுதான் வரும். குளித்து முழுகிப் பவுடர் பூசிக்கொண்டு வந்த ட்ரெயிலரை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

"ஆரிட்ட வாங்கினனீர்?"

"ஒரு பண்ணைக்காரன், அண்ணை. அஜக்ஸுக்கு அங்கால. வைக்கோல் ஏத்தினவனாம்."

"வைக்கோல் ஏத்தினவனுக்கு உவ்வளவு மொத்த அச்சு என்னத்துக்கு?"

"கனடா வைக்கோல் பாரம் கூட, அண்ணை" என்று டெனிஸ்டன் சிரித்தான். அருள்நாயகம் சிரிக்கவில்லை.

டெனிஸ்டன் அவர்களுடைய கோயில் பங்கின் திருநாள் சபைக்குச் செயலாளர். ஆவணியில் மாதா திருநாள். வருடா வருடம் ஆரோ ஒருவரின் பிக்கப்பைக் கெஞ்சி வாங்கித்தான் மாதாவின் சுரூபத்தை ஏற்றிப் பவனி போவார்கள். இந்த முறை பங்குக்கென்று சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நின்று வாங்கியவன் அவன்தான். வாங்கி, பூ வைத்து, ஒத்திகை பார்க்கிறோம் என்று பாதரை மேலே ஏறச் சொன்னார்கள். பாதரின் கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் கீழே போய்விட்டது. நல்ல காலம், மாதா ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் அருள்நாயகத்தின் நினைவு வந்தது.

"பழசைக் கிளப்பாதேங்கோ, அண்ணை. மேலால ஒரு பிளைவூட்டைப் போட்டு மூடிவிடுங்கோ. காணும்." வரும்போது ஒருமுறை சொன்னான். தேத்தண்ணி குடிக்கும்போது ஒருமுறை சொன்னான். காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கிச் சொன்னான்.

ஒருதரம் சொன்னால் அது சொல். திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்குள் ஏதோ கிடக்கிறது. அவனுடைய கார் சந்தி திரும்பியதும் அருள்நாயகம் பலகை நெம்புகிற அலவாங்கை எடுத்தார்.

உக்கின பலகை சத்தம் போடாமல் கிளம்பியது. புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் பச்சை.

எல்லாப் பச்சையும் ஒரு பச்சை இல்லை. இலையின் பச்சை வேறு, பாசியின் பச்சை வேறு. இது அந்தப் பச்சை. வெள்ளை எழுத்தில் இலக்கம் அடித்த ஆமி ட்ரக்கின் பச்சை. மன்னார்க் கரையில் பிறந்த ஒருவருக்கு அதை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. அலவாங்கை நிலத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். பிறகு வந்து அடுத்த பலகையைக் கிளப்பினார். நடுப் பலகைகளில் பெயின்ற் உரிந்த இடத்தில் ஒரு கறை இருந்தது. கருநீலம் ஓடிய கறுப்பு. ஓர் ஆள் புரண்டு கிடந்த அகலம். நகத்தால் சுரண்டினால் போகவில்லை, மரத்துக்குள் இறங்கியிருந்தது.

செய்யக்கூடாத வேலை ஒன்றை அன்று பின்னேரம் அவர் செய்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

அருள்மலர் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "என்ன மாதிரிக் கறை?"

"ஊறின கறை."

கனடாவுக்கு வந்து பார்க்டேலில் ஓர் அறைக்குள் இருந்த நாளிலிருந்து, பவனியில் மாதாவுக்கு நேர் பின்னால் நடந்து செபமாலையைத் தொடக்கிக் கொடுக்கிறவள் அவள். அவளுடைய குரல் எழும்பினால்தான் சனம் நடக்கத் தொடங்கும். மகளின் கலியாணம் குழம்பிய வருடமும் போனாள், முழங்காலில் ஒப்பரேஷன் செய்த வருடமும் பொல்லை ஊன்றிக்கொண்டு போனாள். அந்த ஒரு நாளில்தான் அவள் நிமிர்ந்து நடப்பாள் என்பது அருள்நாயகத்துக்குத் தெரியும்.

"அதில மாதா ஏறினா, நான் வரமாட்டன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

அடுத்த சனிக்கிழமை டெனிஸ்டன் வந்தபோது, பலகைகளைப் பச்சை மேலே தெரியும்படி அடுக்கி வைத்திருந்தார். டெனிஸ்டன் கண்டான். காணாத மாதிரி ஃபோனைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"கனடா ஆமியின்ர, அண்ணை. பழசை வித்துத் தள்ளுற இடத்தில எடுத்தது. எங்கட ஆமி இல்லை."

"எங்கட ஆமி எண்டு ஒண்டு எப்பவடாப்பா இருந்தது?"

"கூடாரமும் சட்டிபானையும் ஏத்தின வண்டி, அண்ணை."

"அதை ஆர் சொன்னது, வைக்கோல்காரனோ?"

டெனிஸ்டனுக்கு முகம் கறுத்தது. "சொன்னா ஒருத்தரும் விடமாட்டினம் எண்டுதான் பெயின்ற் அடிச்சன். ஒரு கெட்ட எண்ணமும் இல்லை."

"அப்ப உந்தக் கறை?"

"என்ன கறை?" என்று குனிந்து பார்த்தான். உண்மையாகவே அப்போதுதான் பார்க்கிறானா, பார்க்கிற மாதிரிக் காட்டுகிறானா என்று அருள்நாயகத்தால் பிடிக்க முடியவில்லை. பொய் சொன்ன வாய் உண்மை சொல்லும்போதும் அதே வாய்தானே.

வேலையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மரத்தை ஒன்றும் மிச்சம் விடாமல் மாற்றினால் கறையும் போய்விடும், மலரும் வருவாள் என்று கணக்குப் போட்டார். தளப்பலகை, பக்கச் சட்டங்கள், பின்பலகை எல்லாவற்றையும் கழற்றி ஒரு மூலையில் எறிந்தார். புது ஓக் மரம் வாங்கி அறுத்து, இழைத்து, பழைய ஓட்டைகளுக்கு நேரே துளைத்து, போல்ட் இறுக்கினார். பழைய மரத்தின் மணம் கையில் இருந்து போக இரண்டுதரம் சவர்க்காரம் போட்டார்.

"மரம் முழுக்கப் புதுசு" என்று வீட்டில் சொன்னார்.

"இரும்பு?" என்றாள் மலர்.



வேலை முடிந்த மறுநாள், ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலை யாட்டுக்குப் போய், மூடியிருந்த தறப்பாளை இழுத்தார். தறப்பாள் ஒழுகியிருந்தது. புதுப் பலகையின் நடுவில் கறை. கருநீலம் ஓடிய கறுப்பு. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் கறுப்பு வளையம்.

மாதாவே என்று சில்லில் கையை வைத்தார். மரத்தை மாற்றியும் ஏறி வந்துவிட்டதா? இந்த இரும்புக்குள்ளேயா இருக்கிறது? சிலுவை அடையாளம் போடப் போன கை, பாதியில் நின்றது. கறைக்கு மேலே, பாரம் கட்டுகிற அவருடைய இரும்புச் சங்கிலி கிடந்தது. சனிக்கிழமை வைத்துவிட்டு எடுக்க மறந்த சங்கிலி. தூக்கிப் பார்த்தார். வளையத்துக்கு வளையம் கறையில் அச்சு இருந்தது.

ஓக் மரம், ஈரம், இரும்பு. மூன்றும் சேர்ந்தால் கறுக்கும். இது ஒரு வித்தையும் இல்லை. எத்தனை லொறித் தளங்களில் இதைத் தினமும் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த லொறிகள் சிவப்பு, நீலம், வெள்ளை. ஒன்றிலும் அவருக்கு இரத்தம் தெரியவில்லை. பச்சையைக் கண்டவுடன் கண் பார்த்த வேலையை விட்டுவிட்டு நெஞ்சு பார்க்கத் தொடங்கிவிட்டது. கழற்றிய பழைய பலகையும் ஓக்தான். அதில் எவனோ ஒருத்தன் ஒரு ஜாக்கியையோ சங்கிலியையோ போட்டுவிட்டு மறந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஓடிப்போய்ச் சொன்னார். மலர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டெனிஸ்டன் சொல்லித் தந்தவரோ?"

"என்னப்பா நீர், நானே கண்டது."

"முந்தியும் நீங்கள்தானே கண்டது."

அவர் பையிலிருந்து ஓக் துண்டு ஒன்றையும் ஓர் இரும்பு நட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். அவள் மரத்தை எடுத்தாள். நட்டை விரலால் தள்ளிவிட்டாள்.

"உங்கட இரும்பு வேண்டாம். அதில என்ன பூசி இருக்கோ, ஆருக்குத் தெரியும்."

எழும்பிப்போய்த் தேங்காய் துருவுகிற தன்னுடைய பழைய இரும்புத் திருவலையை எடுத்து வந்தாள். மரத்தைக் குழாயில் நனைத்தாள். திருவலையின் நாக்கை அதில் படுக்க வைத்து, ஈரத் துணியால் சுற்றி, தன் படுக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இரவில் அவர் எழும்பி ஏதாவது செய்வார் என்று நினைத்தாளோ என்னவோ.

காலையில் துணியை அவிழ்த்தாள். மரத்தில் திருவலை நாக்கின் வடிவம் கறுப்பாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"சரி. இரத்தமில்லை."

"அப்ப வாறீர்தானே?"

"இல்லை."

அவள் திருவலையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஊரில அப்பாவை ஆமி பிடிச்சு ஏத்தின வண்டிக்கும் தறப்பாள் போட்டு மூடினவங்கள். நான் கண்டது பின்பலகையை மட்டும்தான். உள்ள இருந்தவரோ, இல்லையோ, இண்டைக்கும் தெரியாது. மூடின ஒண்டுக்குப் பின்னால நான் செபம் சொல்லிக்கொண்டு வரமாட்டன். பச்சையெண்டா பச்சையாவே நிக்கட்டும். இன்னது எண்டு தெரிஞ்சா நடப்பன்."

சனிக்கிழமை அவளே யாட்டுக்கு வந்தாள், கையில் சுரண்டியோடு. டெனிஸ்டன் தலையில் கை வைத்தான்.

"அன்ரி, சனம் என்ன சொல்லும்? பாதர் என்ன சொல்லுவார்?"

"பாதரின்ர கால் ஏற்கெனவே அடியைக் கண்டிட்டுது, தம்பி."

பின்பக்க இரும்புச் சட்டத்தில் தொடங்கினாள். வெள்ளை சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தாங்கோ, அன்ரி, மிச்சத்தை நான் செய்யுறன்."

"நீர் கண்ணுக்குத் தெரியிற இடத்தை உரிச்சுப்போட்டு அடியை விட்டிடுவீர்" என்று சுரண்டியைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் செய்யும்போதும் பக்கத்திலேயே நின்றாள்.

திருநாளன்று தேவாலயக் கார் தரிப்பிடத்தில் பச்சை வண்டி நின்றது. புது ஓக் பலகையில் மாதா நின்றார், சுற்றிவர வெள்ளைப் பூ. சனம் இரண்டு இரண்டு பேராய்க் குசுகுசுத்தது. றெஜினா அன்ரி வெளிப்படையாகவே கேட்டாள். "உது ஆமிக்காரன்ர எல்லே?" டெனிஸ்டன் ஸ்பீக்கர் வயரைத் திருத்துகிறவன் மாதிரி அப்பால் போனான்.

"ஓம்" என்றாள் மலர். "ஆமியின்ரதான்."

பாதர் கையைக் காட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் செபமாலையை அருள்நாயகத்தின் கையில் கொடுத்தாள். பொல்லைப் பிடித்து, மெல்ல மெல்லக் குனிந்து, வண்டியின் அடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கையை நீட்டிச் செபமாலையை வாங்கிக்கொண்டு, குரலை எடுத்தாள்.