வலது மடிப்பு மேலே

பட்டு நூல் ஆலைப் பெண்களைப் பற்றி அனிமேஷன் படம் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவளே ஹத்சுமிதான். அவள் ஊர்க் கணவாய் வழியாகத்தான் அந்தக் காலத்துச் சிறுமிகள் ஆலைக்கு நடந்து போனார்கள், நுரையீரல் கெட்டுத் திரும்பினார்கள். அதையெல்லாம் அலைந்து சேகரித்துக் கொடுத்தவளும் அவள்தான். கதாநாயகியை வரையும் வேலை மட்டும் டோக்கியோக்காரி ரெய்காவுக்குப் போனது.

ரெய்காவின் ஓவியம் சுவரில் ஏறியதும் இயக்குநர் தோகாஷி சொக்கிப்போய் நின்றார். ஹத்சுமிக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் கவனித்தாள். ஆலையிலிருந்து ஊர் திரும்பும் பெண்ணின் முகம் ஊர்ப்பக்கம் பார்க்கட்டும் என்று ரெய்கா கணினியில் ஓவியத்தை இடம் வலமாகத் திருப்பியிருந்தாள். கூடவே கிமோனோவும் திரும்பி, வலது மடிப்பு மேலே வந்துவிட்டது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்.

எல்லோர் முன்னாலும் சொன்னாள். "ரெய்கா சான், உயிரோட இருக்கிறவளுக்குப் பாடை கட்டிட்டீங்களே! உங்க வீட்ல கிமோனோவே உடுத்த மாட்டாங்களா?"

ரெய்காவின் முகம் வெளிறியது. ஹத்சுமிக்கு அது இனித்தது.

தோகாஷி ஓவியத்தின் அருகே போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"அட! ஊருக்கு வர்றப்பவே அவ செத்துட்டா, அவளுக்கே அது தெரியல! இதுதான்யா நம்ம படம்! ரெய்கா, என்ன மூளைம்மா உனக்கு!"

"நான் சும்மா..." என்று இழுத்த ரெய்கா, பிறகு குனிந்து வணங்கினாள்.

"கண்டுபிடிச்சது நான்," என்றாள் ஹத்சுமி.

"ஆமாமா, புரிஞ்சுக்கவும் ஒரு ஆள் வேணும்ல," என்றார் தோகாஷி, ரெய்காவைப் பார்த்தபடியே.