கை மறைக்காத படம்

கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருப்பதால், சிரிப்பு வந்தால் செண்பகத்தின் கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும், சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அவள் புருஷன் குணசேகர் அந்தக் கையைத் தாண்டி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

தாடையை அறுத்துப் பின்னால் தள்ளிவைக்க டாக்டர் நாள் குறித்துவிட்டார். முதலில் மண்டையோட்டை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நாலு பக்கமும் கேமரா வைத்து முகத்தைப் படம் பிடித்தார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால், எலும்பை எவ்வளவு நகர்த்தினால் முகம் எப்படி மாறும் என்று கத்தி வைக்குமுன்பே தெரியுமாம்.

படம் பிடித்த லாயிட் அரை மணி கழித்து இருவரையும் கூப்பிட்டான்.

"எலும்புமேல முகம் உக்காரலண்ணா. ஸ்கேன்ல வாய் மூடியிருக்கு. என் படத்துல அக்கா சிரிச்சிட்டாங்க, நானும் கவனிக்கல. இன்னொரு தபா எடுக்கணும்."

திரையில் செண்பகம். கைகளை மடியில் வைக்கச் சொல்லியிருந்ததால் மறைப்பு எதுவுமில்லை. பல் தெரிய, கண் இடுங்க, முகம் முழுக்கச் சிரிப்பு.

குணசேகருக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷம் எனக்குக் காட்டாததைப் பத்து நிமிஷம் பழகினவனுக்கா?

மறுபடி எடுக்கும்போது கதவோரம் முறைத்துக்கொண்டே நின்றான். லாயிட் அவள் மோவாயைத் தொட்டுத் திருப்பியதும் பல்லைக் கடித்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேவிட்டான்.

"இன்னாத்துக்கு அவங்கிட்ட அப்டி இளிச்ச?"

"அவர்கிட்ட யாரு இளிச்சா? ஆதார் போட்டோ மாரி வெறப்பா இருங்கன்னாரு. உன் ஆதார் போட்டோ நெனப்பு வந்துருச்சு. கோழி திருடி மாட்டிக்கினவன் மாரி..." அதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

நம்புவதா வேண்டாமா என்று குணசேகருக்குத் தெரியவில்லை. அந்தக் கைதான் உறுத்தியது. ஆபரேஷன் முடிந்தால் அது இறங்கிவிடும். பஸ்ஸில், கடையில், குடியிருக்கும் ஜீவனஹள்ளித் தெருவில் கண்டவனெல்லாம் புது முகம் சிரிப்பதைப் பார்ப்பான். பழைய முகம் கை மறைக்காமல் சிரித்தது ஒரே தடவை. அதுவும் அந்த லாயிட்டின் கம்ப்யூட்டரில்.

விறுவிறுவென்று உள்ளே போனான்.

"கெட்டுப்போன படத்த இன்னா பண்ணுவ?"

"அழிச்சிடுவேண்ணா. யூஸ் இல்ல."

"இரு. ஒருக்கா காட்டு."

செல்போனைத் திரைக்கு நேராகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டான்.

"நல்லா வந்திருக்காண்ணா?" என்று லாயிட் எட்டிப் பார்த்தான். குணசேகர் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டான்.

"நீ பாத்தது போதும். இப்ப அழி. என் கண்ணெதிர்லயே அழி."