வெங்காய வாசனை வரும்வரை

வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு வம்பு என்றுதான் பெயர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டு போயிற்று, வாயைத் தொடவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியலில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். வானியல், மின்னணுவியல், வேதியியல் செய்முறை என்று மூன்று இருந்தன. வம்பு வேதியியலைக் கேட்டாள். பள்ளி திறந்த அன்று அவள் பெயரைப் பாட்டு வகுப்பில் வாசித்தார்கள்.

"நான் பாட்டு கேக்கவே இல்லையே சார்."

"ஹெட்மாஸ்டர்தாம்மா மாத்துனாரு. உனக்கு இதுதான் தோதுன்னு," என்றார் பாட்டு வாத்தியார்.

"எனக்குக் கழுதைக் குரல் சார். பாடிக் காட்டவா?"

வகுப்பே சிரித்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு, கைத்தடியால் வராந்தாச் சுவரைத் தட்டியபடி நேரே வேதியியல் ஆய்வகத்துக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றார்கள். எழவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அம்மாவை வரச் சொன்னார். அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். வேலைக்குப் போகும் வழியில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"ஆசிட், நெருப்புன்னு இருக்கற எடம்மா அது. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"என் கையில பஸ்ஸக் குடுக்கறப்பவும் இதையேதான் சார் கேட்டாங்க," என்றார் அம்மா. "நான் பதில் சொல்லிட்டு நிக்கல. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன்."

தலைமையாசிரியர் வேதியியல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கறார்தான், ஆனால் வஞ்சகம் இல்லாதவர்.

"ஆசிட்ட ஊத்த ஊத்த நெறம் மாறும். அதப் பாத்துதான் கணக்கே. நீ எப்படிம்மா பாப்ப?"

"நான் ஏன் பாக்கணும்? மோந்துக்கறேன். காரக் கரைசல்ல வெங்காயச் சாறு விட்டா வாசனை அடங்கிடும். ஆசிட் போதுமான அளவு சேந்ததும் திரும்பி வரும். படிச்சிருக்கேன் டீச்சர்."

"சரி, ஒரு தடவ செஞ்சு காட்டு," என்றார் டீச்சர்.

ஆசிட்டை அளந்து விடுவதற்காக, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றின் தண்டில் அம்மா பிளேடால் வரிசையாக வெட்டுக் குறிகள் போட்டுக் கொடுத்தார். அதில் தண்ணீரை இழுத்து, வெட்டுகளை நகத்தால் தடவி எண்ணி, சமையலறை மேடையில் வம்பு பழகினாள்.

செய்முறை நாளன்று மற்றவர்கள் நிறம் பார்க்கும் மருந்தை விட்டார்கள். வம்பு வெங்காயச் சாற்றை விட்டாள். பதற்றத்தில் பாதி சட்டைக் கையில் கொட்டிவிட்டது. அதன் பிறகு எங்கே முகர்ந்தாலும் வெங்காயம்தான். குடுவையில் வாசனை எப்போது திரும்பியது என்றே பிடிபடவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தி, எத்தனை வெட்டு ஆசிட் போயிற்று என்று விடையைச் சொன்னாள்.

"ரொம்பத் தள்ளிப் போச்சும்மா," என்றார் டீச்சர்.

வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர் உள்ளே வந்தார். "முயற்சி பண்ணிட்ட, சந்தோஷம். நாளையிலேருந்து பாட்டுக்குப் போயிடு."

அழுகை வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று வம்பு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பக்கத்து மேசை விடை சரியா?"

டீச்சர் தயங்கினார். "இல்ல. தப்பு."

"முன் மேசை?"

"அவன் குடுவையவே ஒடச்சுட்டான்."

"அப்ப அவங்கள எந்தப் பாட்டு வகுப்புக்கு அனுப்பப் போறீங்க சார்?"

பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"அவங்க தப்புப் போட்டா இன்னொரு தடவ செய்யச் சொல்றீங்க. நான் போட்டா வெளிய போகச் சொல்றீங்க. தப்புப் போடறதுக்கு எனக்கும் பாத்தியதை இருக்கு. நான் எந்திரிக்க மாட்டேன்."

தலைமையாசிரியர் முகம் சிவந்தார். டீச்சர் உதவிக்கு வருவார் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பக்கம் திரும்பினார். டீச்சர் அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தார்.

"சட்டக் கையெல்லாம் நாறுது. போய்க் கழுவிட்டு இந்தக் கோட்டப் போட்டுட்டு வா," என்று வம்புவின் கையில் ஒரு வெள்ளை அங்கியைத் திணித்தார். பிறகு தலைமையாசிரியரிடம், "பாடம் நடக்குது சார்," என்றார்.

"இந்த மாசம் பாக்கலாம்," என்று முனகிவிட்டு அவர் போனார்.

"வருஷம் பூரா பாருங்க சார்!" என்று வம்பு பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

கழுவிவிட்டு வந்து மறுபடி தொடங்கினாள். ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையைச் சுழற்றி, டீச்சர் சொன்னபடி அதன் வாய்ப்புறத்துக் காற்றைக் கையால் மூக்கின் பக்கம் விசிறினாள். ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு. ஒன்றுமில்லை. இன்னொன்று. மெல்லிசாக, சந்தேகமே இல்லாமல், காரமாக ஏறியது.

"இங்க!" என்று கத்தினாள்.

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இப்பவும் கொஞ்சம் கூடுதல்தான்."

"எவ்வளவு கூடுதல்?"

சொன்னார். முதல் விடைக்கு இது எவ்வளவோ தேவலை. வம்பு குடுவையைக் கவிழ்த்து அலசினாள்.

"ஆசிட் குடுங்க டீச்சர்."